என் முகமும் குரலும் திரும்ப வேண்டும்

சிவகாசி,
ஆவணி 12.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் ராஜபாண்டியன் அவர்களுக்கு,

தங்கள் பட்டாசுக் கம்பெனியில் நாற்பத்தொரு வருடம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவனும், தங்கள் அக்காள் சொர்ணலட்சுமியின் கணவனுமாகிய சீனிவாசகம் எழுதும் கடிதம். முட்டி ஆபரேஷன் முடிந்து, பெங்களூரில் மூத்த மகன் வீட்டில் கம்பு இல்லாமல் நடக்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம். சுகம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். மற்றபடி அதில் உண்மை இல்லை. போனில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் இனிமேல் போனில் வாய் திறப்பதாக இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மாப்பிள்ளை, ஒவ்வொரு வருடமும் சீசன் தொடங்கும்போது புதுச் சரக்கில் முதல் பெட்டியை என் வீட்டுக்கு அனுப்பி, நான் வாசலில் வெடித்துச் சத்தத்தைக் கேட்டு ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் லோடு ஏறும் என்பது உங்கள் அப்பா காலத்து வழக்கம். நான் ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் மகள் ஸ்ரீமதி அந்த வழக்கத்தை விடவில்லை. அதற்காக அவளைப் பாராட்டுகிறேன். இந்தக் கடிதத்தில் அவளைப் பாராட்டுவது இந்த ஒரு இடத்தில்தான். போன திங்கட்கிழமை பெட்டி வந்தது. நான் என்றைக்கும் லேபிளைப் பார்க்கிறவன் இல்லை. லேபிள் வாங்குகிறவன் பார்ப்பதற்கு, நான் பார்ப்பது திரியை. காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, கண்ணாடிகூட மாட்டாமல் ஒரு அணுகுண்டை எடுத்து வாசலில் வைத்துப் பற்றவைத்தேன். நல்ல சத்தம். எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் அதிர்ந்து நின்றது, அந்த அளவுதான் சரி. விளக்குமாறோடு வந்து காகிதத்தைக் கூட்ட ஆரம்பித்த சொர்ணலட்சுமி பாதியில் நிறுத்தினாள். குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"இது உங்க கண்ணுல்லா" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். என் கண்தான். இடது கண்ணுக்குக் கீழே எனக்கு இருக்கும் மரு அந்தத் துண்டிலும் அதே இடத்தில் இருந்தது. படியில் ஒரு காது கிடந்தது. சைக்கிள் சக்கரத்துக்குப் பக்கத்தில் நெற்றி, திருநீறோடு. உள்ளே ஓடிப் போய்ப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பெட்டி முழுக்க நான், மாப்பிள்ளை. முகம் சிவந்து, விரலை நீட்டி, யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே ‘மீசை மாமா’ என்று பேர். எனக்கு மீசை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் அக்காளுக்குத் தெரியும், ரேஷன் கார்டுக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் இரண்டு பக்கமும் அரிவாள் மாதிரி வளைந்து நிற்கிறது. உள்ளே ஒவ்வொரு குண்டின் மேலும் அதே முகத்தைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பெட்டிக்குப் பத்து நான். ஒன்றை நானே என் கையால் கொளுத்தியாகிவிட்டது.

சாமி படம் சுற்றிய வெடித் தாளை மிதித்துவிடாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டிப் போகிற ஊர் நம் ஊர். சொர்ணலட்சுமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "தீவாளி அன்னைக்கு ஊரு பூரா உங்களத் துண்டு துண்டாச் செதறடிப்பாக. தாலி கட்டுன கழுத்தோட வாசல்ல நின்னு நான் அதப் பாக்கணுமாக்கும்" என்றாள். கூட்டிய காகிதத்தைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு சம்படத்தில் போட்டு மூடி, அடுக்களையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால், "மூக்கு மட்டும் இன்னும் கெடைக்கல" என்கிறாள். ஒரு மனுசனுக்குச் சோறு இறங்குமா?

மறுநாள் காலை மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் ரோட்டில் கம்பெனிக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் ஸ்ரீமதி, அவளுக்கு முன்னால் கம்ப்யூட்டர்.

"வாங்க மாமா. சாப்பிட்டீகளா."

"சாப்பாடு கெடக்கட்டும். என்னை எதுக்கு வெடிக்க வச்ச?"

"அது நீங்க இல்ல மாமா. ஏஐ வரைஞ்ச படம்."

"அப்ப அது யாரு?"

"யாருமே இல்ல. அப்படி ஒரு ஆளே உலகத்துல கெடையாது."

"ஆளே இல்லாதவனுக்கு என் மரு எதுக்கு?"

பிறகு விஷயத்தைச் சொன்னாள். கோபக்காரராகவும், ஆனால் நம்பலாம் என்று தோன்றுகிற மாதிரியும் ஒரு சிவகாசிப் பெரியவர் படம் வேண்டும் என்று மெஷினிடம் கேட்டாளாம். மாதிரிக்கு என் அறுபதாம் கல்யாண போட்டோவைக் கொடுத்தாளாம். "மீசை யாரு கேட்டா?" என்றேன். "அது தானா வச்சுருச்சு மாமா. கோவக்காரர்னா மீசை இருக்கும்னு நெனச்சிருக்கும்" என்றாள். காலண்டரில் போடுகிற படம் வேறு, வெடியில் சுற்றுகிற படம் வேறு என்பது நம் ஊரில் பேப்பர் வெட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். இந்த மெஷினுக்குப் படம் வரையத் தெரிகிறது, வரைந்த படம் கிழியும் என்பது தெரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ஐம்பது வருடமாகத் தினசரிப் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசியில் அச்சிட்டவர் முகவரி வரைக்கும் படித்து வருகிறவன். செயற்கை நுண்ணறிவால் சமுதாயத்துக்கு நன்மையா தீமையா என்று பேப்பரில் ஆறு மாதமாக எழுதுகிறார்கள், அத்தனையும் படித்தாயிற்று. படித்ததில் ஒன்றிலும் அணுகுண்டு வரவில்லை. என்றாலும் நான் நியாயம் தவறுகிறவன் இல்லை. ஸ்ரீமதி சொன்ன நன்மைகளை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். லேபிள் வரைய இருபது நாள் ஆனது இப்போது பத்து நிமிடம் ஆகிறதாம். ஆகட்டும். கண்மாய்ப் பக்கம் இடி மேகம் திரண்டால் அரை மணி நேரம் முன்னாலேயே மெஷின் சொல்லிவிடுகிறது, ஆட்களை வெடிமருந்து ரூமை விட்டு வெளியே எடுத்துவிட முடிகிறதாம். இது பெரிய விஷயம், நான் வானத்தைப் பார்த்துச் சொன்னதில் மூன்றில் ஒன்று தப்பும். பாட்னா வியாபாரிகளுக்கு இந்தியில் கடிதமும் எழுதுகிறதாம். அங்கேதான் மறுபடி உதைக்கிறது. ஒரு வியாபாரி, மீசை மாமா என்பவர் நிஜமாகவே இருக்கிறாரா, சிவகாசி வந்தால் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக வாருங்கள், மாமா தங்களை ஆவலோடு எதிர்பார்க்கிறார் என்று மெஷின் தானாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டது. இப்போது அந்த மனிதர் டிக்கெட் போட்டுவிட்டார். தீபாவளிக்குள் நான் மீசை வளர்க்க வேண்டுமா, அல்லது பாட்னாக்காரரிடம் நான் செத்துப் போய்விட்டேன் என்று சொல்ல வேண்டுமா?

"எது வேணா கேளுங்க மாமா, தமிழ்லயே பதில் சொல்லும்" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டேன். உராய்வு, வெப்பம், மருந்தின் அளவு, வாசலில் நெருக்கடி என்று ஏழு காரணம் சொன்னது. ஏழும் சரி. எனக்கு ஆறுதான் தெரியும். சரி, நம் கம்பெனியில் ஏழாம் நம்பர் ரூமில் என்ன நடந்தது என்று கேட்டேன். அப்படி ஒரு சம்பவம் குறித்துத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை, பாதுகாப்பில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்றது.

மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியும். என் தம்பி முத்துக்கிருஷ்ணன் அந்த ரூம் ஆளே இல்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், அங்கே நாலு பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, உள்ளே கிடந்த காலித் தட்டை எடுத்து வா என்று அவனை அனுப்பியவன் நான். ஒரு நிமிட வேலைதானே என்று அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். நாலு பேரும் தீக்காயத்தோடு வெளியே ஓடி வந்துவிட்டார்கள். ஐந்தாவதாகப் போனவன் வரவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் வேலை நேரத்தில் நான் டீ குடித்ததில்லை, நாலு நாலு என்று கத்தாத நாளும் இல்லை. என் ஆர்வத்துக்கு நன்றி சொல்கிறது மெஷின்.

அந்த வேகத்தில் எழுந்து நேராக ஏழாம் நம்பர் ரூமுக்கு நடந்தேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே நாலு பேர் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். நான் படியில் கால் வைத்தேன்.

"ஏலே, அஞ்சாவது ஆளு. வெளிய வா. இங்கன என்ன பந்தியா நடக்கு."

பின்பக்கமாகவே இறங்கிப் பத்தடி தள்ளி வந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் கத்தியது யார் என்று யோசித்தேன். நான்தான். என் தொண்டை, என் கரகரப்பு, ‘ஏலே’யில் நான் கொடுக்கிற அதே இழுப்பு. என்னை நானே விரட்டியிருக்கிறேன், நானும் மறு பேச்சில்லாமல் கேட்டிருக்கிறேன். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த மரத்தின் மேலிருந்தே அதே குரல், குழைந்து, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி, "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது.

மெஷினுக்குக் கண் உண்டாம். ஒவ்வொரு ரூமுக்கும் எதிரே ஒரு கேமரா. அது தலையை எண்ணும். ஐந்தாவது தலை தெரிந்ததும் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் கத்தும். என் குரல் எப்படிக் கிடைத்தது என்று பின்னால் ஓடி வந்த ஸ்ரீமதியைக் கேட்டேன். நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் நான் போட்ட பேச்சுகளை எல்லாம் மெஷினுக்குக் கொடுத்தாளாம். அதில் முக்கியமானது, உங்கள் சின்ன மகன் கல்யாணத்தில் பாயசம் நீர்த்துப் போனதைப் பற்றி நான் பேசிய பதினோரு நிமிடம். பந்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்காக மாமா. உங்க கொரலுக்குத்தான் அசையுதாக" என்றாள்.

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா தருவீகளா?"

"தர மாட்டேன்."

"அதான் கேக்கல."

உங்கள் மகள்தான் அவள், சந்தேகமே இல்லை. இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து மாரித்தாய் வந்தாள். முப்பது வருடம் என்னிடம் திட்டு வாங்கியவள், இப்போது அவள் மகள் கற்பகமும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி" என்றாள். "நீங்க நன்றி சொல்லி நாங்க எந்தக் காலத்துல கேட்டோம். அதக் கேக்கணும்னே பிள்ளைக ஒருத்தி மாத்தி ஒருத்தி அஞ்சாவதாப் போயி படியில காலு வச்சுட்டு வாராளுக."

"எத்தன தடவ?"

"நேத்து மட்டும் ஒரு பத்து இருக்கும். எம்மக ரெண்டு தடவ போயிட்டு வந்தா."

"சிரிப்பா இருக்கா ஒங்களுக்கு?"

"பின்ன. உங்க வாயிலருந்து நன்றின்னு வந்தா சிரிக்காம என்ன செய்ய அண்ணாச்சி."

யோசித்துப் பாருங்கள். நாலு பேருக்கு மேல் போகக் கூடாது என்பதற்காக வைத்த குழாய், அதைக் கேட்பதற்காகவே ஐந்தாவது ஆளை உள்ளே இழுக்கிறது. படித்தவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. மரியாதையாகப் பேசினால் நல்லதுதானே என்று மெஷினும் நினைத்திருக்கிறது, உங்கள் மகளும் நினைத்திருக்கிறாள். மருந்து ரூம் வாசலில் மரியாதைக்கு என்ன வேலை? நாற்பத்தொரு வருடம் நான் யாருக்கும் நன்றி சொல்லாமல் இருந்தது திமிரால் இல்லை மாப்பிள்ளை. என் முகத்தில் சிரிப்பைப் பார்த்துவிட்டால் அடுத்த நாள் அந்தப் பிள்ளைகளுக்கு நாலு ஐந்தாகிவிடும். நான் கத்தியதெல்லாம் பயத்தில் கத்தியது. மெஷின் அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பயத்தை என்னிடமே விட்டுவிட்டது. நன்மையா தீமையா என்று ஆறு மாதமாக எழுதுகிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஆகவே உங்களிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். முதலாவது, மீசை மாமா லேபிள் ஒன்று பாக்கி இல்லாமல் அழிக்கப்பட வேண்டும். இரண்டாவது, என் குரலை மரத்திலிருந்து இறக்க வேண்டும். மூன்றாவது, அந்த மெஷினையே கம்பெனியை விட்டு எடுக்க வேண்டும், இடி மின்னலை நானே தினமும் போய் மேலே பார்த்துச் சொல்கிறேன். லோடு ஏற இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் ஸ்ரீமதி எதையும் மாற்ற மாட்டாள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் தை மாதம் உங்கள் பேரன் காதுகுத்துக்கு நான் வர மாட்டேன். வந்தாலும் பந்தியில் உட்கார மாட்டேன். உட்கார்ந்தாலும் பாயசத்தைத் தொட மாட்டேன். இதில் எந்த மாற்றமும் இல்லை.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசிகள். முட்டியை மடக்காமல் இருக்கவும். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், நான் எவ்வளவு மனம் நொந்திருந்தாலும்.

இப்படிக்கு,
மீசை இல்லாத,
சீனிவாசகம்.

பி.கு.: மேலே உள்ள மூன்று கோரிக்கைகளையும் அடித்துவிடவும். கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன், ஸ்ரீமதியிடம் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இன்று கம்பெனிக்குப் போனேன். மத்தியானம் மூன்றரை மணி. புது போர்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நம்பர் ரூமில் நாலு பேர். மாரித்தாய் மகள் கற்பகம் அந்தப் பக்கம் வந்தாள். நன்றியைக் கேட்டுச் சிரிக்க வரவில்லை. உள்ளே கிடந்த காலித் தட்டை எடுத்து வரச் சொல்லி யாரோ அனுப்பி வந்தாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எனக்கு வராத சத்தம் மரத்தின் மேலிருந்து வந்தது. பிள்ளை படியில் நின்றாள், திரும்பிப் போனாள். ரூமில் எதுவும் நடக்கவில்லை. நாலு பேரும் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எதுவும் நடக்கவில்லை என்பதை எழுதத்தான் இந்தப் பின்குறிப்பு.

மெஷின் இருக்கட்டும். அது டீ குடிப்பதில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டால், என் முகத்தை அணுகுண்டிலிருந்து எடுத்துக் கம்பி மத்தாப்புப் பெட்டியில் போட ஸ்ரீமதி சம்மதித்துவிட்டாள், அந்தப் பெட்டி கிழியாது. மீசையை எடுக்க வேண்டாம் என்று சொர்ணலட்சுமி சொல்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறதாம். பாட்னாக்காரரும் வரட்டும். காதுகுத்துக்கு வருகிறேன், பாயசம் திக்காக இருக்க வேண்டும்.

நன்றியை மட்டும் எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம், நீங்களே சொல்லுங்க மாமா என்று ஸ்ரீமதி பதிவு செய்யப் போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். "தட்டு அங்கனயே கெடக்கட்டும், நீ வெளிய வா" என்று சொன்னேன். தெளிவாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் ‘தட்டு’க்கு மேல் ஒரு வார்த்தை விழவில்லை. மெஷின் கோளாறுதான். நாளைக் காலையில் மறுபடி போகிறேன்.